ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

நகரத்திலிருந்து ஒரு கிராம ஊராட்சிக்குக் குடிபெயர்பவர்கள் முதல் ஆண்டில் படும் அலைச்சலில் பெரும்பகுதி, சரியான மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுப்பதால் வருவது. மாநகராட்சி என்ற ஒரே பெயரின்கீழ் குடிநீர், சொத்துவரி, பிறப்புச் சான்று, தெருவிளக்கு, குப்பை என எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, கிராமத்தில் இவை நான்கைந்து அலுவலகங்களுக்குப் பிரிந்து கிடப்பது பிடிபடச் சில மாதங்கள் ஆகின்றன. நான் 11 ஆண்டுகளுக்கு முன் இப்படி வந்தவன். எனக்குப் பின் எங்கள் ஊருக்குக் குடிவந்த பல குடும்பங்களுடன் ஊராட்சி அலுவலகத்திற்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் போய்வந்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் குடிவந்திருப்பது கிராம ஊராட்சியா, பேரூராட்சியா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சியைச் சேர்ந்தது, அதற்குச் சட்டமும் துறையும் வேறு. இக்கட்டுரை தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளைப் பற்றியது மட்டுமே.

இரண்டு முகவரிகள்

ஒரே வீட்டுக்கு அரசுக் கணக்கில் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று ஊரக வளர்ச்சித் துறை வழியிலானது: வார்டு, கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்டம். மற்றொன்று வருவாய்த் துறை வழியிலானது: புல எண், வருவாய்க் கிராமம், குறுவட்டம், வட்டம், மாவட்டம். ஊரார் பேச்சில் முதல் வழி 'பஞ்சாயத்து ஆபீஸ், யூனியன் ஆபீஸ்' என்றும், இரண்டாம் வழி 'வி.ஏ.ஓ. ஆபீஸ், பிர்கா, தாலுகா ஆபீஸ்' என்றும் வரும். இந்த இரண்டு வழிகளும் மாவட்ட ஆட்சியரிடம்தான் ஒன்று சேர்கின்றன. அதுவரை ஒன்றுக்கொன்று மேலதிகாரியும் அல்ல, கீழதிகாரியும் அல்ல. ஊராட்சித் தலைவரிடம் பட்டாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லியும் பயனில்லை.

எல்லைகளும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சிகள் இருக்கலாம். ஓர் ஊராட்சி இரண்டு வருவாய்க் கிராமங்களில் பரவியிருக்கலாம். அதனால் பத்திரத்தில் உள்ள கிராமப் பெயரும் ஊராட்சி அலுவலகப் பலகையில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் பதற வேண்டியதில்லை. இரண்டு முகவரிகளையும், வார்டு எண், கதவு எண், புல எண் மூன்றோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, கைப்பேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுதப்போகும் எல்லா விண்ணப்பங்களுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

சுருக்கமாகச் சொன்னால், நிலம், பட்டா, சாதி, வருமானம், இருப்பிடம் தொடர்பான சான்றுகள் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. குடிநீர், தெருவிளக்கு, வடிகால், ஊர்ச் சாலை, குப்பை, வீட்டுவரி, மயானம் ஆகியவை ஊராட்சியைச் சேர்ந்தவை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தன் 110-ஆவது பிரிவில் ஓர் ஊராட்சி கட்டாயம் செய்து தரவேண்டியவற்றை வகுத்திருக்கிறது. இவை கட்டாயக் கடமைகள் என்பதால் நீங்கள் தயங்கிக் கேட்கத் தேவையில்லை. குடும்ப அட்டை இந்த இரண்டிலும் சேராது. அது உணவு வழங்கல் துறையின் பொறுப்பு. வட்ட வழங்கல் அலுவலரிடம் போகும்.

ஊராட்சியை நடத்துபவர்கள்

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தேர்தலில் கட்சிச் சின்னங்கள் கிடையாது. துணைத் தலைவரை உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். நிதியை எடுக்கும் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால், இருவருக்கும் மனத்தாங்கல் உள்ள ஊரில் எரியாத பல்பை மாற்றுவதுகூடத் தாமதமாகும். அப்படிப்பட்ட நேரத்தில் இருவரில் ஒருவர் பக்கம் சாயாமல் இருவருக்கும் தனித்தனியாக மனு கொடுப்பதே புதிதாக வந்தவர்களுக்கு நல்லது.

அன்றாடம் நீங்கள் பார்க்கப்போவது ஊராட்சிச் செயலரைத்தான். பழைய பழக்கத்தில் ஊரில் அவரை 'கிளார்க்' என்பார்கள். பதிவேடுகள், வரி வசூல், கூட்ட ஏற்பாடு அனைத்தும் அவர் கையில் இருக்கின்றன. அவர் வாரத்தில் சில நாட்கள் ஒன்றிய அலுவலகத்திற்குப் போகவேண்டியிருக்கும். எந்த நாளில் எத்தனை மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். இவருக்கு மேல் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள், அதாவது பி.டி.ஓ.க்கள் இருவர் உண்டு. ஒருவர் ஒன்றியத்தின் பணிகளையும் மற்றொருவர் கிராம ஊராட்சிகளையும் பார்க்கிறார். உங்கள் மனு இரண்டாமவருக்குத்தான் போகவேண்டும். 'வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்)' என்று அடைப்புக்குறியோடு எழுதுங்கள்.

தலைவரே இல்லாத காலமும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. அதன்பின் அந்த மாவட்டங்களின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களின், அதாவது தலைவருக்குப் பதிலாக அரசு பொறுப்பில் அமர்த்தும் அதிகாரிகளின், பொறுப்பில் விட்டார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய 9 மாவட்டங்களில் மட்டும் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால் அங்கே கணக்கு வேறு. ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இப்போது பொறுப்பில் இருப்பவர் தலைவரா, தனி அலுவலரா என்பதே. தனி அலுவலர் என்றால் கையெழுத்து ஒன்றிய அலுவலகத்தில்தான் ஆகும். மனுவின் ஒரு படியை அங்கேயும் கொடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் சில ஊர்களில் 'தலைவர் அந்தம்மாதான், ஆனால் எதுவானாலும் அவர் வீட்டுக்காரரைப் பாருங்கள்' என்று உங்களை அனுப்பி வைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மனுவைத் தலைவரின் கையிலேயே கொடுங்கள், அவரிடமே விளக்குங்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்தவே முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. அந்த நாற்காலி பலருக்கு அவ்வளவு பாடுபட்ட பிறகே கிடைத்திருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் அதற்குரிய மரியாதையைக் கொடுப்பதில் முதல் ஆளாக இருக்கவேண்டும்.

வீட்டுவரிப் பெயர் மாற்றம்

வீடு வாங்கி வந்தவர்கள் முதலில் முடிக்கவேண்டிய வேலை இது. பதிவு முடிந்து, வருவாய்த் துறையில் பட்டா மாறினாலும், ஊராட்சியின் வரிப் பதிவேட்டில் பெயர் தானாக மாறிவிடும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. கிரயப் பத்திரத்தின் நகல், புதிய பட்டா, பழைய உரிமையாளர் கடைசியாகக் கட்டிய வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்து, பெயர் மாற்றம் கோரும் விண்ணப்பத்தைச் செயலரிடம் கொடுங்கள்.

அதற்கு முன், முடிந்தால் பத்திரப் பதிவுக்கே முன், அந்த வரி எண்ணில் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் வீடு வாங்கியபோது வீட்டுவரி நிலுவை இல்லை என்று விற்றவர் ரசீதைக் காட்டினார், அது உண்மையே. ஆனால் ஆறு ஆண்டுக் குடிநீர்க் கட்டணம் நிற்கிறது என்பது, நான் பெயர் மாற்றத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. தொகை பெரிதில்லை என்றாலும், அதைக் கட்டி முடிக்கும்வரை என் விண்ணப்பம் நகரவில்லை.

வரியை இப்போது ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் இணையதளத்திலும் கட்டலாம். எங்கே கட்டினாலும் கணினி ரசீதைப் பெற்று, அதில் கதவு எண்ணும் வரி விதிப்பு எண்ணும் உங்களுடையவையா என்று சரிபாருங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை ரசீதாக ஏற்காதீர்கள். வீட்டுவரி ரசீது நீங்கள் வரி கட்டுவதைக் காட்டுமே தவிர, நிலம் உங்களுடையது என்பதற்கான ஆவணம் ஆகாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி ரசீது இருக்கக்கூடும். 'வரி ரசீது இருக்கிறது, பயப்படாமல் வாங்கலாம்' என்று தரகர் சொன்னால், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாடகைக்கு வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டுவரி உரிமையாளரின் பொறுப்பு. குடிநீர்க் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை மட்டும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியல்

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். நீங்கள் பத்து ஆண்டு வரி கட்டியிருந்தாலும், உங்கள் பெயர் இன்னும் பழைய நகரத்துப் பட்டியலில் இருந்தால், இந்த ஊரின் கிராம சபையில் உங்களுக்கு இடமில்லை. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, முதன்முறையாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. இணைய வழியிலும் அனுப்பலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோ இந்தப் பொறுப்பில் இருப்பார் என்பதால், ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள்.

குடிநீர்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறப்பவர் காலை ஐந்தே முக்காலுக்கு மிதிவண்டியில் வருவார். கேரியரில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி கட்டியிருக்கும். மேலே குறுக்குப் பிடி, கீழே சதுரத் துளை. தெருமுனையில் இருக்கும் பலகைக் கல்லை நகர்த்தி, சாவியை உள்ளே இறக்கி, கேட் வால்வின் தலையில் பொருத்தி, இரண்டு கைகளாலும் திருகுவார். குழாயிலிருந்து முதலில் காற்று சீறும். பிறகு அந்த ஒலி கனத்து அடங்கும். அதைக் கேட்டுவிட்டு அரைச் சுற்றுக் குறைப்பார். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது, மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவேண்டுமானால் எங்கள் வால்வை முழுதாகத் திறக்கக் கூடாது என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்த அறிவை நம்பித்தான் ஊரின் குடிநீர் ஓடுகிறது. தொட்டி இயக்குபவர் என்று ஊராட்சிக் கணக்கில் எழுதப்படும் இவரை முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொண்டு, உங்கள் தெருவின் முறை எந்த நேரத்தில் வருகிறது, மின்வெட்டு நாளில் எப்படி மாறும் என்று கேட்டுவிடுங்கள்.

புதிய இணைப்பு வேண்டுமானால் ஊராட்சிக்கு விண்ணப்பித்து, வைப்புத்தொகை கட்டி, ரசீது பெற்ற பிறகே குழாய் பதிக்கவேண்டும். 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு ஊரக வீட்டிற்கும் குழாய் இணைப்பும், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் என்ற அளவை வைத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். உங்கள் வீட்டுக்கு வருவதைச் சில நாட்கள் குடக் கணக்கில் அளந்து எழுதி வைத்தால், 'தண்ணீர் சரியாக வரவில்லை' என்ற பொதுவான புகார், அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டிய புகாராகிவிடும்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அது விதிமீறல் என்பதோடு, உங்களுக்கு மேல் உள்ள தெருவில் ஒரு குடம்கூட நிறையாது. நகரத்திலிருந்து வந்த நாங்கள் சிலர் தெரியாமல் முதலில் செய்த தவறு இதுவே; மேட்டுத் தெருப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

நீரின் தரத்தையும் கேட்டுப் பெறலாம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைப்பது வழக்கம்; எழுதவில்லை என்றாலோ, பழைய தேதியே நின்றாலோ செயலரிடம் கேளுங்கள். குளோரின் கலக்கும் நீர், தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது குளோரினோடு வரவேண்டும். ஊராட்சியில் இதைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டி இருந்தால், உங்கள் வீட்டுக் குழாயில் பார்த்துக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

விளக்கு, சாலை, வடிகால், குப்பை

தெருவிளக்கில் பல்பு போனால் ஊராட்சியிடம் சொல்லவேண்டும். கம்பியிலோ கம்பத்திலோ கோளாறு என்றால் மின்வாரியத்திடம் சொல்லவேண்டும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் சொன்னால் ஆள் வந்து தேடவேண்டியிருக்காது.

சாலையும் வடிகாலும் இவ்வளவு எளிதல்ல. எங்கள் தெருமுனையில் ஒரு மழைக்காலம் முழுவதும் முழங்கால் அளவு நீர் நின்றது. நான்கு மாதம் ஊராட்சி அலுவலகத்தில் மனுமேல் மனுவாகக் கொடுத்தேன். 'பார்க்கிறோம் சார்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, எனக்குக் கடும் கோபம். கடைசியில் ஒன்றிய அலுவலகத்தின் ஓவர்சீயர் ஒருவர் என்னை அந்த இடத்துக்கே அழைத்துப்போய், அடைத்துக்கொண்டிருந்த சிறு பாலத்தைக் காட்டினார். அது நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் சாலைக்கு அடியில் இருந்தது. அதில் மண்வெட்டி போட ஊராட்சிக்கு அதிகாரமே இல்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதிய ஒரே மனுவில், மூன்று வாரத்திற்குள் அடைப்பு நீங்கியது. ஆகவே சாலை தொடர்பான எந்த மனுவுக்கும் முன்பு, அது ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலையா என்று ஒன்றியத்தின் பொறியியல் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஏரி, குளங்களுக்கும் இப்படி ஒரு பிரிவினை உண்டு: 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு.

குப்பையை மட்கும், மட்காத என்று பிரித்து, தூய்மைக் காவலர் வரும்போது நேரில் கொடுங்கள். அவர்கள் மிகக் குறைந்த ஊதியத்தில் ஊரைத் தாங்குபவர்கள். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தனியே தாளில் சுற்றித் தருவது நாம் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை.

வீடு கட்டுவதாக இருந்தால்

'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்ற சொல்லைக் கேட்டவுடன் நில்லுங்கள். மனைப்பிரிவுக்கு ஊராட்சி தன்னிச்சையாக ஒப்புதல் தர முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் என்றால் அக்குழுமத்தின் அனுமதி வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. நீங்கள் வாங்கும் மனை அப்படி வரன்முறை ஆனது என்றால் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

மனை சரியாக இருந்தால் அதன்பின் கட்டட அனுமதி. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ உள்ள வீடு கட்டுபவர்களுக்குச் சுயசான்றின் அடிப்படையில் ஒற்றைச் சாளர இணையதளத்தில் அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்தது. இதில் முன் ஆய்வு இல்லை என்பதால், நீங்கள் எழுதித் தரும் அளவுகளுக்கு முழுப்பொறுப்பும் உங்களுடையதே. கொத்தனார் 'ரெண்டடி தள்ளிக் கட்டிக்கலாம்' என்றால் சம்மதிக்காதீர்கள்.

பிறப்பு, இறப்பு, சான்றிதழ்கள்

மருத்துவமனையில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் மருத்துவமனையே பதிவுக்குத் தெரிவிக்கும். வீட்டில் நிகழ்ந்தால், கிராம ஊராட்சிப் பகுதியில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர்தான். 21 நாட்களுக்குள் சொன்னால் கட்டணமில்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் ஆணை என்று வேலை கூடிக்கொண்டே போகும். பெற்றோரோ துணையோ இறந்த துக்கத்தில் இந்த 21 நாள் எளிதில் கடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்று நிகழ்ந்தால், காரியங்களுக்கு ஓடும் வீட்டாருக்கு இந்த ஒரு வேலையை நீங்கள் நினைவூட்டிச் செய்து கொடுத்தால் அது பேருதவி.

சாதி, வருமானம், இருப்பிடம் ஆகிய சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக உரிய அதிகாரியிடம் இணையத்திலேயே போகிறது. நூறு நாள் வேலை என்று ஊரார் அழைக்கும் ஊரக வேலைத் திட்டத்தின் வேலை அட்டைக்கு ஊராட்சியில் விண்ணப்பிக்கலாம். குடிசையில் வாழ்பவர்களுக்கு 360 சதுர அடியில் 3.50 லட்சம் ரூபாயில் வீடு கட்டித் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கும் ஊராட்சி வழியாகவே பெயர் போகவேண்டும்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரே ஒரு செய்தியை எழுதுங்கள். விளக்கு, வடிகால், நாய்த்தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், எதற்கு யார் பதில் சொல்வது என்று தெரியாமல் அது கோப்பிலேயே தங்கிவிடும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான அமைப்பு போதும். 'எங்கள் தெரு' என்று எழுதாமல் தெருப் பெயரையும் வார்டு எண்ணையும் அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதுங்கள். எப்போதிருந்து என்ற தேதி வேண்டும். நகலில் அலுவலக முத்திரையோடு பெற்ற தேதியை வாங்கிக்கொள்ளுங்கள்; முத்திரை இல்லை என்று சொன்னால் ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

ஊராட்சியில் தீராவிட்டால் 'ஊராட்சி மணி' என்ற 155340 எண்ணிலும், முதலமைச்சரின் உதவி மையமான 1100-இலும் பதியலாம். கிடைக்கும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பட்டா, நில அளவைச் சிக்கல்களுக்கு, ஆண்டுக்கொருமுறை கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுப்பது நல்ல வழி. செலவுக் கணக்கோ பணி விவரமோ எழுத்தில் வேண்டுமானால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனால் எடுத்தவுடன் இதைக் கையிலெடுக்காதீர்கள். செயலரிடம் நேரில் கேட்டாலே பதிவேட்டைத் திறந்து காட்டிவிடும் ஊர்கள் நிறைய இருக்கின்றன.

கிராம சபை

ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது. உலக நீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் 2022-இல் சேர்ந்தன. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் மட்டுமே பேசலாம். கிராம சபையில் வாக்காளர் ஒவ்வொருவரும் பேசலாம். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் பயனாளிகள் பட்டியலும் இங்கே வைக்கப்படவேண்டும். நகரத்தில் இருந்தவரை எந்த மாமன்றக் கூட்டத்திலும் வாய் திறந்து ஒரு சொல் பேச வாய்ப்பில்லாமல் இருந்த எனக்கு, முதல் கிராம சபையில் எழுந்து நின்று ஒரு கைப்பம்பைப் பற்றிப் பேசியதும், அது என் கண்ணெதிரே பதிவேட்டில் ஏறியதும் இன்றும் மனத்தில் நிற்கின்றன.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இடம், நேரம், பொருள்கள் பற்றிய அறிவிப்பு ஒரு வாரத்துக்கு முன்பே வரவேண்டும். வழிபாட்டுத் தலங்களின் வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது.

போவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் எழுப்பவிருக்கும் பொருளை எழுத்தில் ஒரு வாரம் முன்பே செயலரிடம் கொடுங்கள். பொருள் நிரலில் இல்லாததைக் கூட்ட முடிவில் கேட்டால் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவது எளிது. நிதியைப் பற்றிய ஓர் அடிப்படையும் தெரிந்திருக்கட்டும். 15-ஆவது மத்திய நிதிக் குழுவின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தில் விளையாட்டுத் திடல் கேட்டால் தலைவர் விரும்பினாலும் செய்ய முடியாது. அதே பணத்தில் கழிவுநீர்க் கால்வாய் கேட்டால் இல்லை என்று சொல்வது கடினம். எந்த நிதியில் எதைச் செய்யலாம் என்று செயலரிடம் கேட்டுக்கொண்டு கோரிக்கையை அதற்கேற்ப அமைத்தால் பலன் கிடைக்கும்.

முதல் இரண்டு கூட்டங்களில் அதிகம் பேசாமல் கேளுங்கள். ஊருக்குப் பழைய பிணக்குகள் இருக்கும். ஒரு பொதுக்குழாய் எந்தத் தெருவில் நிற்கவேண்டும் என்பதற்குப் பின்னால் இருபது ஆண்டு வரலாறு இருக்கலாம். பேசும்போது அண்ணே, அக்கா, ஐயா என்று ஊர் வழக்கப்படி அழைத்துப் பேசுங்கள், நேராக விஷயத்துக்கு வாருங்கள். காலனித் தெருவின் சாலையும் உங்கள் தெருவின் சாலையும் ஒரே நாளில் பட்டியலுக்கு வந்தால், அதிக காலம் காத்திருந்தவர்களுக்கு முதலில் விட்டுக்கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்காக நோட்டு நீட்டப்படும். அவசரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். தீர்மானங்கள் எழுதப்பட்ட பக்கத்தைக் கேட்டுப் படித்து, நீங்கள் சொன்ன பொருள் இருக்கிறதா, சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்து, தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்ட பிறகு உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திடுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முந்தைய தீர்மானங்களின் நிலை என்ன என்ற கேள்வியை முதல் ஆளாக எழுந்து கேளுங்கள்.